பின்னறைச் சுவர்

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதலாம்தான். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அனகாபுத்தூரில் வெள்ளம் புகுந்த வீடுகளைப் பார்க்க ஒரு பயிற்சிக் குழு வந்தபோது, அதில் நீ இருப்பாய் என்று நாங்கள் நினைக்கவில்லை. விலங்கியல் படித்த நீ கட்டடம் சோதிக்கக் கற்றுக்கொள்வதே எங்களுக்குத் தெரியாது. அச்சுதன் மச்சானோடு நீ போன பிறகு இந்த வீட்டில் உன் பேச்சே இல்லை. நான் பள்ளிக்கூடம் போவதும் அப்போதே நின்றுவிட்டது.

நீ பின்னறைச் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாய். "முடிவை நீங்களே வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார் உங்கள் ஆசிரியர்.

நீ நிமிராமல், "சுவர் எப்ப வேணாலும் விழும், சார். இந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க" என்றாய்.

"சரிங்க மேடம்" என்றார் அத்தா, பெற்ற மகளிடம்.

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன்.

அத்தா இன்னும் அங்கேதான் படுக்கிறார். அம்மா திட்டினால், "வுழுந்தா எம்மேலதானே வுழும், உனக்கின்னா பேஜாரு?" என்கிறார்.

நேற்று மதியம் மழை வலுத்தது. முன்னறையில் பாய் விரித்து அவரைக் கூப்பிட்டேன். "சொன்ன மேடமே வந்து சொல்லட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு அழுகைகூட வரவில்லை. நீ வந்து சொல். இந்த முறை அத்தா என்று கூப்பிட்டுச் சொல்.

உன் தங்கை