எண்ணெய் தெறித்ததாகச் சொன்னேன்

ஜூன் 12

இன்றும் மாஸ்க் போட்டுக்கொண்டே எல்லா வகுப்பும் எடுத்தேன். "சளியா மிஸ்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இருமிக்கூடக் காட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் இருமல் நடிப்பு. கணக்கு டீச்சர் வேலை போனாலும் பிழைத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் கழற்றினேன். புண் ஆறிவிட்டது. ஆனால் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, எந்த முடியை எடுக்கப் போனேனோ அதே இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு பட்டை. கிட்ட வந்து பார்த்தால் மட்டும் தெரிந்ததைத் தொலைக்கப் போய், தெருக்கோடியிலிருந்தே தெரிகிற ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 13

"இது தானா போகாதும்மா. லேசர் பண்ணணும், பல தடவை" என்கிறார் டாக்டர். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. "எண்ணெய் தெறிச்சா இவ்வளவு நேராவா படும்?" என்று வேறு கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். முதல் நாள் அவரிடம் அப்படித்தான் சொன்னேன், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டில் இவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

பார்லர் என்று சொல்ல வாய் வரவில்லை. புருவம் எடுத்துக்கொண்டு வரும் பெண்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவள் நான். அந்த வாயால் எப்படிச் சொல்வது?

ஜூன் 16

நடந்ததை இங்கேயாவது எழுதுகிறேன்.

தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பஸ் ஏறி அடுத்த ஊர் பார்லருக்குப் போனேன். படுக்க வைத்தார்கள். வாக்ஸ் போடும் பெண், "அக்கா, ஹீட்டர் அணையவே மாட்டேங்குது, ரொம்பக் கொதிக்குது" என்றாள். முதலாளியம்மா யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே, "நேத்தும் அப்படித்தானே இருந்துச்சு. ஊதிட்டு வைடி" என்றாள்.

என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. எழுந்து வந்திருக்கலாம். சீக்கிரம் முடிந்தால் போதும், யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் — வேண்டாம், போதும்.

ஏன் போனேன்? பள்ளி வராந்தாவில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் காதில் விழுந்தது. அதனால் போனேன். அதை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஜூன் 17

இவரிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார்.

எப்படி?

"அன்னிக்கு வீட்ல சொட்டு எண்ணெய் இல்ல. சாயங்காலம் நான்தானே வாங்கிட்டு வந்தேன். நீ எதுல பொரிச்ச, தண்ணியிலயா?"

இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை மனிதர். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். கேஸ் போடலாம் என்கிறார். மருத்துவச் செலவை அவர்கள்தான் கொடுக்க வேண்டுமாம். கேஸ் என்றால் ஊரறியச் சொல்ல வேண்டுமே?

ஜூன் 25

பார்லரில் இவர் போய்க் கேட்டதற்கு, "அப்படி யாரும் இங்க வரவே இல்ல" என்று சாதித்துவிட்டாளாம் முதலாளியம்மா. வக்கீலம்மாவைப் பார்த்தோம். பில் எங்கே என்றார். பில்லே வேண்டாமென்று அன்றைக்குப் பார்லரில் நானே சொல்லிவிட்டேன். பெயராவது எழுதிக்கொண்டார்களா? எழுதினார்கள். என் அக்கா பெயரைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ எண்ணெய்.

பேனாவை மூடி வைத்துவிட்டார். "டீச்சர், அவங்களுக்குத் தனியா வக்கீலே தேவையில்ல. எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுத்திருக்கீங்க. அங்க யாராவது உங்களைப் பாத்தாங்களா?"

யாரும் பார்க்காமல் இருக்கத்தானே அவ்வளவு தூரம் போனேன்.

புறப்படும்போது சொன்னார்: "மொதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டுங்க. நீங்களே மறைச்சா, நான் எதைக் காட்டி நஷ்டஈடு கேக்குறது?"

ஜூலை 2

கழற்றவில்லை.

ஜூலை 8

கழற்றினேன். பள்ளி வாசல் வரை போட்டிருந்து, வகுப்புக்குள் நுழையும்போது பைக்குள் திணித்தேன். நான் பாட்டுக்குப் பலகைப் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் பெரிய கணக்காக ஒன்று போட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் குனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். போன வருடம் புருவத்துக்காக நான் வெளியே நிறுத்திய பெண். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

ஜூலை 9

அவள் சிரிக்கவில்லை, அழுதிருக்கிறாள்.

சாயங்காலம் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மிஸ், அன்னிக்கு நானும் அந்தப் பார்லர்லதான் இருந்தேன். உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் அவ்வளவு தூரம் போனோம். நீங்க உள்ள வர்றீங்க! ஒரு புருவம்தான் முடிஞ்சிருந்துச்சு, அப்படியே எந்திரிச்சுத் திரைக்குப் பின்னாடி போயிட்டேன். நீங்க கத்தினப்பகூட வெளிய வரல மிஸ். பயமா இருந்துச்சு."

"அந்தம்மா ஊதிட்டு வைடின்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு டீச்சர்" என்றார் அவள் அம்மா. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். "எங்க வேணா வந்து சொல்றேன்."

ஒருத்தி மேல் கொதிக்கிற வாக்ஸ் விழுந்து அலறும்போதுகூட ஒரு பிள்ளை என் கண்ணுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறது. நானென்ன பேயா? எனக்குச் சாட்சி கிடைத்த நாள் இது. சந்தோஷப்பட முடியவில்லை, அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 15

வக்கீலம்மா மனுவைத் தாக்கல் செய்துவிட்டார்.

நவம்பர் 20

இன்று விசாரணை. அந்த அம்மா வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். அடுத்து நான்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார். "டாக்டர்கிட்ட எண்ணெய்ன்னீங்க. இங்க வாக்ஸ்ங்கறீங்க. எது பொய்?"

"எண்ணெய்."

"டீச்சரா இருந்துக்கிட்டு ஏன் பொய் சொன்னீங்க?"

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"பிள்ளைங்க என்னை மீசை மிஸ்னு கூப்பிடுவாங்க. அதைப் போக்கத்தான் போனேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. சொல்லியிருக்க வேண்டாமோ? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நவம்பர் 21

வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சுப் பெண்ணின் இரண்டு புருவமும் நேற்றுத்தான் எடுத்தது போல் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் பாடத்தை ஆரம்பித்தேன்.

ஜனவரி 30

தீர்ப்பு வந்தது. சிகிச்சைச் செலவு முழுவதும் பார்லர் கொடுக்க வேண்டும், நஷ்டஈடு தனி. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேனோ தெரியவில்லை, இவரையே படிக்கச் சொன்னேன். கணீரென்று படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் செருமிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"எதையோ விட்டுட்டீங்க."

"ஒண்ணுமில்ல. சட்ட பாஷை, உனக்குப் புரியாது."

"பரவாயில்ல, அதையும் படிங்க."

தயங்கித் தயங்கிப் படித்தார். "மாணவியர் தம்மை மீசை மிஸ் என்று அழைப்பதாக மனுதாரர் இம்மன்றத்தில் அனைவர் முன்னிலையிலும் கூறினார். பொய் சொல்ல வந்தவர் எவரும் இப்படியொரு சங்கடத்தைத் தாமே தேடிக்கொள்ள மாட்டார். எனவே அவரது சாட்சியத்தை இம்மன்றம் நம்புகிறது."

படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.