கரைக்குப் பாதி, முந்திக்குப் பாதி

கடையில் இன்று ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவையை விரித்தேன். புதுப் பட்டின் வாசனை எழுந்தது. சிவப்புக் கரையும் பச்சை முந்தியும் சந்திக்கும் அந்த மூலைச் சதுரத்தில் என் கை நின்றுவிட்டது. உடனே நீ வந்துவிட்டாய். போய்ச் சேர்ந்த பிறகும் வியாபார நேரம் பார்த்து வம்பளக்க வருகிறவள் நீ ஒருத்திதான்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் இருவரும் இரண்டு முறை கோட்டை விட்டவர்கள். எனக்கு அதில் வெட்கம் மட்டும்தான். உனக்கோ நர்ஸ் படிப்பே அதை நம்பி இருந்தது. "இந்த தடவயும் போச்சுன்னா மாப்ள பாத்துடுவோம்" என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார்.

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை அண்ணனின் தறிச் சத்தத்துக்குத் தாளம் சேர்த்து மனப்பாடம் செய்தாய். ஓர் அடிக்கு "மைனஸ் பி". சற்று நிறுத்தி, அடுத்த அடிக்கு மிச்சம் எல்லாம். சொல்லும்போது பிசகாது. எழுதும்போது அந்த இடைவெளி தாளிலும் வந்துவிடும். மைனஸ் பி தனியே நிற்கும், வர்க்கமூலத்தை மட்டும் இரண்டு ஏ-யால் வகுத்திருப்பாய். ஒவ்வொரு முறையும் விடை தப்பு.

"மைனஸ் பி-யையும் வகுக்கணும்டி" என்று நான் கத்தினேன்.

"இன்னாத்துக்கு? அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாய்.

அந்த எரிச்சலில்தான் புத்தகத்தைப் புரட்டினோம். எக்ஸ் வர்க்கமும் ஆறு எக்ஸும் சேர்ந்தால் பதினாறு. இருபுறமும் ஒன்பதைக் கூட்டு என்று இருந்தது. ஒன்பது எங்கிருந்து குதித்தது? தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்த புடவையை நீ சும்மா தடவிக்கொண்டிருந்தாய். கை மூலைக்குப் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"உடல் எக்ஸுக்கு எக்ஸ் சதுரம்னு வெச்சுக்கோ. ஆறுல கரைக்கு மூணு அகலம், முந்திக்கு மூணு. ரெண்டும் சேர்ற மூலைதான்டி இல்ல. மூணுக்கு மூணு, ஒன்பது."

மூலையைச் சேர்த்ததும் முழுச் சதுரம், பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. ஒரு பக்கம் ஐந்து, கரை மூன்று போனால் எக்ஸ் இரண்டு. கரைக்குப் பாதி, முந்திக்குப் பாதி என்று பிரித்ததால்தான் மைனஸ் பி-க்கும் கீழே இரண்டு வருகிறது. இன்னொரு விடை மைனஸ் எட்டு என்றதும், "மைனஸ் எட்டு மொழத்துக்கு எவன்டி பொடவ நெய்வான்?" என்று சிரித்தாய். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

தேர்வு வந்தவாசியில். முடிந்து பேருந்தில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாய். "ஹால்ல தறிச் சத்தமே இல்லடி. சூத்திரம் ஒரு எழுத்து கூட ஞாபகம் வரல." "அப்புறம்?" என்றேன். "ஓரத்துல ஒரு பொடவ வரஞ்சேன். கரை, முந்தி, மூலை. ஜல்தியா வந்துடுச்சு."

முடிவு வந்த மாலை, ஆரணி பேருந்து நிலையத்தில் பேப்பருக்கு அடிதடி. கூட்டத்துக்குள் புகுந்து கிழிந்த பாதியோடு நீ வெளியே வந்தாய். அந்தப் பாதியிலேயே நம் இருவர் எண்களும் இருந்தன. நீ நர்ஸாகி, வெள்ளை உடுப்பில் முதல் நாள் வேலைக்குப் போனபோது பெருமையில் எனக்கு நடக்கவே தெரியவில்லை.

இன்று அந்த மூலையில் கட்டைவிரலை வைத்தபடி சூத்திரத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கல்யாணப் பெண் கேட்டாள், "இன்னாக்கா, மந்திரமா?"

"ஆமாம்மா. எங்க நர்ஸம்மா கண்டுபுடிச்சது."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவளுக்கு எழுதிக் காட்டினேன். வகுத்தல் கோட்டை மைனஸ் பி-க்கு அடியிலிருந்தே இழுத்தேனடி.