ஒரு விரல் அகல ரோஸ்

போன சனிக்கிழமை பிற்பகலிலிருந்து ஒரு நிறம் என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலையாக இருக்கும்போதும் அது, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் அது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ போய் எட்டு வருடம் ஆனாலும் உன்னிடம்தான்.

வண்ணாரப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற பாய் கடைக்கு நீ வரைந்த நித்யா படத்தை எடுத்துப் போயிருந்தேன். சட்டத்தின் அடிப்பக்கத்தைச் செல் அரித்திருந்தது. உன் மகளுக்கு அடுத்த வாரம் பதினைந்து முடிகிறது. அன்றைக்குப் படத்தை அவளிடமே கொடுத்துவிட வேண்டும், அதற்குள் புதுச் சட்டம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பாய் ஆணிகளைப் பிடுங்கி, சட்டத்தைக் கழற்றிப் படத்தை மேசையில் கிடத்தினார்.

"இன்னாக்கா, பாவாடைல ரெண்டு கலரு கீது?"

குனிந்து பார்த்தேன். படத்தில் நித்யா கரையில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் பாவாடை விரிந்து கீழ் விளிம்புவரை வருகிறது அல்லவா? இத்தனை வருடம் சட்டத்தின் உதட்டுக்குள் மறைந்திருந்த அந்த விளிம்பில், ஒரு விரல் அகலத்துக்கு, பாவாடை ரோஸ் நிறத்தில் இருந்தது. கண் கூசுகிற ரோஸ். அதற்கு மேலே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல, நான் தினமும் பார்த்துவந்த வெள்ளை.

"வெயில்ல போட்டீங்களா?" என்றார் பாய். "வெள்ளாவில வெச்சி எடுத்தாப்புல கீது."

சிரிக்கத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருக்கா, தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

வெயிலில் போட்டேன். போட்டது நான்தான்.

நீ இறந்த மாதமே உன் வீட்டுக்காரர் படத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். "சொவுத்துல பாக்க முடில, நீயே வெச்சிக்கம்மா. பாப்பா பெர்சானதும் குடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். நான் அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன். ராயபுரத்தில் என் வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பது உனக்குத் தெரியும். ஐப்பசியில் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். முதல் மழைக்காலத்திலேயே உன் படத்தின் மூலையில் பூஞ்சை வந்தது. பயந்துவிட்டேன். மெத்தைக்கும் புளிக்கும் மிளகாய்க்கும் என்ன செய்வோமோ அதையே செய்தேன். தை பிறந்ததும் மொட்டை மாடியில் பழைய சேலை விரித்து, படத்தை முகம் மேலே பார்க்க வைத்தேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தையிலிருந்து ஆடிவரை ஞாயிறுதோறும். நிழல் நகர நகரப் படத்தையும் நகர்த்துவேன். எதிர் மாடியில் துணி காயப்போடுகிற அக்கா, "இன்னாமே, படத்துக்கும் வடாம் போடறியா?" என்று கேட்பாள். நான் சிரிப்பேன். பூஞ்சை மறுபடி வரவேயில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. உனக்காக வாராவாரம் செய்த ஒரே வேலை அது.

'புதுசா இருந்தப்ப நீயும் பாத்தியேடி' என்று நீ கேட்பாய். பார்த்தேன். எனக்குள் இன்னும் ஆறாத அதிர்ச்சி அதுதான். அந்தக் கோட்டைப் பார்த்த நொடியில், நீ இந்தப் படத்தை வரைந்த நெட்டுக்குப்பம் கடற்கரை முழுவதும் திரும்பி வந்தது. மணலித் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாளும் குழாய்களையும் தொட்டிகளையும் வரைபடத் தாளில் கறுப்புக் கோடுகளாக இழுத்துவிட்டு, ஏழாவது நாள் கலருக்காகப் பஸ் ஏறி வருவாயே. அன்றைக்கு முகத்துவாரத்தில், பின்னால் மின் நிலையப் புகைபோக்கிகள். நித்யா நண்டுக் குழிகளில் குச்சியை விட்டபடி, உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நீ பிராட்வேயில் வாங்கிய புது டியூபைப் பிதுக்கினாய்.

"இன்னாடி இது, சீரியல் லைட்டு மாரி கீது" என்றேன்.

"சாம்பலு கொட்ற ஊர்டி இது. எம் பொண்ணாச்சும் பளிச்சுனு இருக்கட்டும்" என்றாய்.

இந்தப் பேச்சு எட்டு வருடம் எனக்குள் இல்லை. எங்கே போயிருந்தது? படம் துளித்துளியாக வெளுத்ததால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து என் ஞாபகமும் கூடவே வெளுத்துவிட்டது. நீ அவளுக்கு வெள்ளைப் பாவாடைதான் வரைந்தாய் என்று யார் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.

அப்படி ஒரு சத்தியம் செய்தும் இருக்கிறேன். அதை எழுதத்தான் கை வரவில்லை.

நித்யாவுக்கு ஒன்பது வயது இருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா என்ன ரோஸ் பாவாடைல போட்டாங்க, பெரிம்மா. இது வேற படமா?" என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் காட்டினேன். "பாரு. வெள்ளதான? நீ அப்ப சின்னப் புள்ள, எதையோ கனா கண்டிருப்ப" என்றேன். அவள் இல்லை என்றாள். நான் மறுபடி காட்டினேன். படமே சாட்சியாக இருக்கும்போது ஆறு வயதில் பார்த்ததாகப் பிள்ளை சொல்லும் ஞாபகத்தை யார் நம்புவார்கள்? கடைசியில் அவளே, "ஆமா, வெள்ளதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். அவளைத் திருத்திவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது.

அலுவலகத் தோழி ஒருத்தி மூலமாக, பழைய படங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணைத் திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். உன் படத்தை ஜன்னலில்லாத அறைக்கு எடுத்துப் போய், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். இந்தக் காலத்து டியூப்களில் எல்லாக் கலரும் கடையில் ஒன்றுபோல்தான் பளபளக்கும் என்றாள். காவி, மஞ்சள் மண் எல்லாம் எத்தனை வெயிலையும் தாங்குமாம். இந்த ஒளிர்கிற ரோஸ் சாயத்தால் ஆனது. வெயில் பட்டால் சாயம் உடைந்துபோகும், சில மாதமே போதும் என்றாள். சாம்பல் வானமும் புகைபோக்கிகளும் நீ வைத்தபடியே இருக்கின்றனவாம். உன் மகளின் பாவாடை மட்டும் போய்விட்டது.

"ஈரத்துக்குப் பயந்து காய வெச்சிருக்கீங்க. பூஞ்சைக்கு அது சரிதான், மேடம். கலருக்குத்தான் விஷம். இங்க நிறையப் பேர் இதையே பண்றாங்க."

"திரும்ப வராதா?"

"வராது. நிழல்ல வெச்சா இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். பட்ட வெயில் எல்லாம் கணக்குல ஏறிடுச்சு."

விளிம்பில் இருக்கிற ரோஸைப் பார்த்து, அதேபோல் மேலே பூசித் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள். "பூசிட்டா கீழ உங்க ஃப்ரெண்டு கை, மேல என் கை. அந்தப் பொண்ணு யார் கைய பாக்கணும்னு கேட்டுட்டு வாங்க."

நான் நித்யாவைக் கேட்காமலேயே பூசச் சொல்லிவிட நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் என் திட்டம். பிறந்தநாளன்று ரோஸ் பாவாடையோடு படத்தைக் கொடுப்பது, 'சுத்தம் பண்ணிட்டாங்கம்மா' என்று சொல்வது. அவள் சந்தோஷப்படுவாள். நான் அன்றைக்கு அவளைத் தப்பாகத் திருத்தியதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்காது. இரண்டு நாள் அந்தத் திட்டத்தோடு இருந்தேன். மூன்றாம் நாள் அந்த விரல் அகலக் கோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இன்று காலை நித்யா வந்தாள். உயரத்தில் உன்னைத் தாண்டிவிட்டாள். படத்தைச் சட்டமில்லாமல் கட்டில்மேல் வைத்து, ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுக் காட்டினேன். மொட்டை மாடி, ஞாயிறுகள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விளிம்பைத் தொடவில்லை. விரலை அதற்கு மேலே பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொண்டுபோனாள்.

"அப்போ நா சொன்னது கரெக்டா, பெரிம்மா?"

"கரெக்டும்மா. நாந்தான் தப்பு."

"எத்தினி தபா சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு, நா பைத்தியம்னு நெனச்சிக்கினேன்."

பூசலாமா என்று கேட்டேன். தலையாட்டி வேண்டாம் என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"ஆஸ்பத்திரில கடேசியா அம்மா கண்ணத் தொறந்து என்ன 'நித்தி'ன்னு கூப்டாங்கன்னு சொன்னேன்ல? அதுக்கும் நீங்க, அம்மாவுக்கு நெனவே இல்ல, கூப்பிட்டிருக்க முடியாதுன்னு சொன்னீங்க. அது?"

சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி அவள் கொண்டுவந்த எதையும் நான் சரிபார்க்காமல் விட்டதில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வகை பிரிப்பதுதான் உனக்குச் செய்யும் நியாயம் என்று நம்பியிருந்தேன்.

"நா அப்ப அங்க இல்ல" என்றேன். "மாத்திர வாங்கக் கீழ போயிருந்தேன். நர்சு சொன்னத வெச்சி சொன்னேன்."

"நா இருந்தேன்" என்றாள்.

அவள் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். உன்னைப் பற்றி என்னிடம் இருப்பதில் எவ்வளவு உன்னுடையது, எவ்வளவு நானாக வெளுக்க வைத்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அவள் பெயரை நீ சொல்லிக்கொண்டிருந்தபோது நான் படியில் இருந்தேன் என்பது மட்டும் தெரியும்.