ஆயாக்கொட்டகைக் கிராணி

மலாயா, 1931 அக். 5, திங்கள்

விடிகாலை மழை. லேடாங் மலை தெரியவில்லை. ரப்பர் மரத்தில் ஈரம் காய்ந்தபின் எட்டு மணிக்குத்தான் மனைவி ராக்கு பால் வெட்டப் போனாள். நான் வீட்டில்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை போய் ஐந்து வாரம். ரப்பர் விலை விழுந்தது, கூடவே நானும். பெண்களுக்குக் கூலி குறைவு. ஆகவே அவர்களை வைத்துக்கொண்டு ஆண்களைக் கழிக்கிறார்கள். கிராணியான அன்றே ‘இனி நீ வெட்டுக்குப் போகக் கூடாது’ என்று பெண்டாட்டிக்கு உத்தரவு போட்ட மகாராஜா நான். இப்போது அவள் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறேன்.

சோறு குழைந்துவிட்டது. மகள் தைலா, ஏழு வயது: “கஞ்சின்னு சொல்லுங்கப்பா, சாப்பிடறேன்.”

6, செவ்வாய்

வெயில். துணி துவைத்தேன். ஒரு பொத்தான் காணோம்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பெரிய கிராணி உத்தரவு வாசித்தாராம். வேலையில்லாத ஆண்கள் தோட்டத்து லய வீடுகளில் தங்கக் கூடாது. சனிக்கிழமைக்குள் ஊர் திரும்பும் கப்பலுக்குப் பேர் கொடுக்க வேண்டும். நாகப்பட்டினம் வரை இலவசம்.

ராக்கு: “நான் பொறந்ததே இங்க. அங்க எனக்கு யாரு இருக்கா?”

“எனக்குந்தான் யாருமில்ல.”

“அப்ப ரெண்டு பேரும் கப்பலேறிப் போயி யாரைப் பாக்கறது?”

விளக்குத் திரியைச் சரிசெய்தேன். திரி நன்றாகத்தான் இருந்தது.

7, புதன்

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, புருஷனோடு கப்பலுக்குப் போய்விட்டாள். விடியற்காலையில் கதவைத் தட்டி ஐந்து பேர் பிள்ளைகளை நீட்டினார்கள். “சும்மாதானே இருக்கீங்க, கிராணியய்யா.” உண்மைதான். என் கைக்குழந்தைப் பையனோடு ஆறு.

ஆயாக்கொட்டகையில் தூளி கட்டினேன். பழக்கம் விடவில்லை, ஒரு தாளில் பேர் எழுதி வருகை குறித்தேன். ஆறும் ஆஜர்.

பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தாய்மார் ஓடி வந்தார்கள். நான் தூளி வரிசைப்படி எடுத்துக் கொடுத்தேன். நடுவில் ஈரத்துணி மாற்றியபோது இரண்டை இடம் மாற்றிப் போட்டது மறந்து போனது. அஞ்சலை பாதி கொடுத்தபிறகு குனிந்து பார்த்தாள்.

“அலமாக்! அண்ணே, எனக்குப் பையன். இது பொண்ணாச்சே!”

“தாள்ல சரியாத்தான் இருக்கு.”

“தாளுக்கா பசிக்குது?” என்றாள். ஆனால் பிள்ளையைப் பிடுங்கவில்லை, வயிறு நிறையட்டும் என்று விட்டாள். அவள் பையனை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள்.

8, வியாழன்

மறுபடி மழை. துணி காயவில்லை. ஒரு பிள்ளைக்குச் சளி.

கங்காணி கொட்டகை வாசலில் குடையோடு நின்றார். “என்ன கிராணி, சேலை எப்ப எடுக்கப் போறீரு?”

“உங்க வீட்டம்மாகிட்ட பழசு ஒண்ணு கேட்டிருக்கேன் கங்காணி.”

தாய்மார் சிரித்தார்கள். நானும். மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ராக்கு: “ஆயா வேலைக்கு இன்னும் ஆள் போடலியாம். நீங்க கேளுங்க.”

“ஆம்பளைக்கா?”

“ரெண்டு நாளா பாக்கறது யாரு?”

“சும்மா பாக்கறது வேற. பேரெழுதிக்கிட்டு பாக்கறது வேற.”

“அது தெரியுதுங்க,” என்றாள். “கப்பல்லயும் பேரெழுதிக்கிட்டுத்தான் ஏத்துவாங்க.”

9, வெள்ளி

துரைக்கு மனு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. கடைசி வரியில் சிக்கல். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஆயா’ என்று முடிப்பதா?

முகம் சவரம். கன்னத்தில் வெட்டு.

10, சனி

மனு இல்லாமலே ஆபீசுக்குப் போய் ஆயா வேலையை வாயால் கேட்டேன். என் பழைய மேஜைமேல் மரத்துப் பால் பிடிக்கும் மங்குகள் அடுக்கியிருந்தன.

பெரிய கிராணி உள்ளே போய்த் துரையிடம் கேட்டு வந்து, பேனாவை எடுத்து, கீழே வைத்து, என்னைப் பார்த்தார். “துரை சரின்னுட்டாரு. ஆனா அந்த வேலை பொம்பளையாளுங்க பட்டியல்லதான் இருக்கு. கூலியும் அதேதான். பெரட்டுலயும் அந்த வரிசைதான்.”

“சரிங்க.”

“உன் சம்சாரம் பேரைப் போட்டுடறேன்யா. நீ பாட்டுக்கு உள்ள இருந்து பாத்துக்க. மானமாவது மிஞ்சும்.”

அப்படிச் செய்தால் ராக்குவின் வெட்டு போகும், நான் வேலையில்லாதவனாகவே இருப்பேன், கப்பலும் காத்திருக்கும். கணக்கு எளிது. இருந்தாலும் வெகுநேரம் நின்றேன், சட்டையைத் தடவிக்கொண்டு.

“என் பேரையே எழுதுங்க.”

எழுதினார். என் கையெழுத்தைவிட மோசம்.

11, ஞாயிறு

தலைக்கு எண்ணெய். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

12, திங்கள்

பனி. பெரட்டு. ஆண்கள் வரிசையை எத்தனையோ நாள் நானே கூப்பிட்டிருக்கிறேன். இன்று அதைத் தாண்டி நடந்தேன். பெண்கள் வரிசையில் கடைசி, ராக்குவுக்குப் பக்கத்தில். எதிரில் யாரோ ஒருவன் சீட்டி அடித்தான். அவள் திரும்பவில்லை.

“ராக்கம்மா.”

“வந்தேன்.”

அடுத்து என் பேர். பெரிய கிராணி இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

“வாயைத் தொறங்க,” என்றாள் ராக்கு, உதடு அசையாமல்.

“வந்தேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை தன் பையனை என் கையில் திணித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே அடுத்தவள். மூன்றாவது பிள்ளைக்குக் கை போதவில்லை.