மூன்று கொட்டகைகளுக்கு நடுவே

மாப்ளே,

தேங்காய் உடைக்கப் போய் விரலை வெட்டிக்கொண்டேன். நர்ஸ் சுற்றிய புதுக் கட்டுத்துணியில் நம் வெளுப்புக் கொட்டகையின் பிளீச்சிங் வாடை. உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

ராஜபாளையத்தில் நாம் இருவரும் கூட்டாகக் கட்டுத்துணி ஆலை ஆரம்பித்தபோது எல்லாம் ஒரே கூரைக்குள் கிடந்தது. தறியில் கரண்ட் கோளாறு என்றால் வெளுக்கிற வேலையும் நின்றது, பேக்கிங் பெண்களும் சும்மா உட்கார்ந்தார்கள். நீதான் மூன்று கொட்டகையாகப் பிரித்தாய். தனித்தனிக் கரண்ட், தனித்தனித் தண்ணீர், தனித்தனி வாசல். "ஏலே, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு படுக்கக் கூடாது" என்பாய். உன் மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து அதற்கு 'மாடுலர்' என்று பேர் சொன்னதும் உன்னைப் பிடிக்க முடியவில்லை. பேத்தியின் பாடப்புத்தகத்தைப் பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்திருப்பதைப் பார்த்து, "பாத்தியா, சர்க்காருக்கும் புத்தி வந்துட்டு" என்றாய்.

மகள் கல்யாணத்தையாவது விட்டாயா? ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் சோற்றுக்கு ஒரு குழு, காய்கறிக்கு ஒரு குழு, இனிப்புக்கு ஒரு குழு. எல்லாம் நேரத்துக்குத் தயார். பந்தி போடப் போனால் வாழை இலை இல்லை. அது யார் பொறுப்பிலும் வரவில்லையாம்! பட்டு வேட்டியோடு பைக்கை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டித் தோட்டத்துக்கு நீதான் பறந்தாய். அங்கிருந்து போனில், "எம்புட்டு இலைலே வேணும்?" என்று கத்தினாய். சம்பந்தி வீட்டார் சிரித்து ஓய்ந்தார்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு, வெளுப்பில்தான் துணி கெடுகிறது என்கிறார்கள் தறிக்காரர்கள். தறியிலிருந்து வருவதே சரியில்லை என்கிறார்கள் வெளுப்புக்காரர்கள். ஒவ்வொரு கொட்டகையும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. சரக்கு மட்டும் திரும்பி வருகிறது. போன வாரம் உன் மகன், தறிக் கொட்டகையை விற்றுவிடலாம், வெளுப்பை வாடகைக்கு விடலாம் என்றான். சண்டை போட்டேன்.

"மாமா, அப்பாதான எல்லாத்தையும் தனித்தனியா நிக்குற மாதிரி கட்டுனாவ? பொறவு பிரிச்சா என்ன தப்பு?" என்று கேட்டான்.

என்ன மனுஷன்லே நீ! பிரித்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாயே! நாள் முழுக்க நடுவில் நடந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, இங்கே திட்டி, அங்கே சிரித்து, மூன்றையும் நீதான் சேர்த்து வைத்திருந்தாய் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன் கண்ணுக்கே அது வேலையாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

பங்கில் பெரும்பகுதி உன் வீட்டாருடையது. என்னால் தடுக்க முடியவில்லை. கொட்டகைகளுக்கு நடுவே குறுக்குச் சுவர் எழுப்ப நாளைக்குக் கொத்தனார் வருகிறார். நீ போனதிலிருந்து அந்த நடையை நான்தான் நடக்கிறேன். இன்றைக்கும் தறியிலிருந்து வெளுப்புக்கு, வெளுப்பிலிருந்து பேக்கிங்குக்கு நடந்தேன், உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே. நாளைக்கு எங்கே நடக்க, சொல்லு?