இருக்கா, இருக்கு

மார்ச் 4

அன்புள்ள நிருபருக்கு,

அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். கோபமில்லை. உங்கள் குரலைக் கேட்டால்தான் இப்போது எனக்குப் பயம். அதனால் கடிதம். உங்கள் கையெழுத்தைக் கண்டு பயமில்லை, படிக்கத்தான் கஷ்டம்.

சமையல் மேடையில் எழுதி வைத்துவிட்டு வந்த இரண்டு வரி உங்களுக்குப் போதாது. முழுதாகச் சொல்கிறேன். கொஞ்ச நாளாகக் காலையில் நான் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு ஏதோ முணுமுணுக்கிறீர்கள். கொஞ்சுகிறீர்கள் என்று நினைத்துக் கண்ணை மூடியே கிடந்தேன். போன வாரம்தான் காது கொடுத்துக் கேட்டேன். "இவ சாகப் போறவ. இன்னிக்கே இல்லாம போயிடலாம்."

அன்று பன்னிரண்டாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த வார்த்தை, பக்கத்தில் யாரோ நின்று சொல்வதுபோல் கேட்டது. கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது. பிறகு விடவே இல்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் பெண் டீ குடித்தபடி எனக்குக் கையசைத்தாள். மேஸ்திரி தன் கயிற்றில் இறங்கி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "என்னம்மா, கயித்தையே கட்டிக்கிட்டு குடித்தனம் பண்ணப் போறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருடத்தில் இப்படி ஆனதில்லை. மறைக்காமல் சொல்லுங்கள். போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனோமே, டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொன்னாரா? இல்லை, நான் போனால் போகட்டும் என்று மனசைத் தயார் செய்கிறீர்களா? எது என்று தெரியாமல், இங்கே மாடிப்படியைக்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

பயத்துடன்,
உங்கள் குருவி


மார்ச் 8

என் குருவிக்கு,

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. உனக்கு ஒரு குறையும் இல்லை. சத்தியம்.

எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பால் வந்தது. நூலக மாடியில் நடக்கிற வகுப்பு. பழைய கிரேக்க ஞானிகள் சந்தோஷமாக வாழச் சொல்லிப்போன வழிகள். நீதான் என்னைச் சேர்த்துவிட்டாய். "விபத்துச் செய்தி எழுதி எழுதி உங்க மூஞ்சியே ஆம்புலன்ஸ் மாதிரி ஆயிடுச்சு. போய் நாலு நல்ல விஷயம் கேட்டுட்டு வாங்க."

அந்த ஞானிகளில் ஒருவர் அடிமையாக இருந்து விடுதலை ஆனவர். பிரியமானவரை முத்தமிடும்போது, இவர் என்றைக்கும் இருப்பவர் அல்ல என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாராம். இருக்கும்போது அருமை தெரியும், இல்லாதபோது இடிந்துபோக மாட்டோம். மனதுக்குள் நினைக்கச் சொன்னார். நானோ எழுதும் ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன். உதடு அசைந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

அவர் வேறொன்றும் சொன்னார். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். இல்லாததை நினைத்து வருந்துவது வீண். இன்னொரு ஞானி ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு ரொட்டியும் தண்ணீருமாகவே நிறைவாக வாழ்ந்தார். இதில் எதையாவது உன் காதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய்த்தது அந்தச் சாவு வரிதான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் காலணியை வாசலில் பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

உன்,
நிருபர்


மார்ச் 12

அன்புள்ள நிருபருக்கு,

டாக்டர் விஷயத்தை நம்புகிறேன். மற்றதில் ஒரு கேள்வி இருக்கிறது.

என்றைக்கும் இருப்பவர் அல்ல என்றுதானே அந்த மனிதர் சொன்னார்? "இன்னிக்கே" என்று அவர் சொல்லவில்லையே. அதைச் சேர்த்தது நீங்கள். யாரோ சொன்ன பேச்சில் ஒரு வார்த்தை கூட்டிப் போட்டதற்காகப் பத்திரிகை ஆசிரியரோடு சண்டை போட்டு ஒரு வாரம் ஆபீஸ் போகாத ஆள் நீங்கள். இந்த ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது?

மேஸ்திரி நேற்று அக்கா வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை நான் ஏறாவிட்டால் என் கயிற்றை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பிறகு கீழே நின்று வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான். அது கேவலமில்லை. ஆனால் மேலே இருந்து பார்த்தவளுக்கு அது ஜெயில். அவர் போனதும் மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் வரை நடந்து பார்த்தேன். எட்டிப் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள்.

கையில் இருப்பது, இல்லாதது என்று எழுதினீர்களே, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். இடுப்புக் கொக்கியைக் கயிற்றில் சரியாக மாட்டுவது என் கையில். காற்று என் கையில் இல்லை. கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

உங்கள் குருவி


மார்ச் 16

என் குருவிக்கு,

நீ ஆசிரியராகியிருக்க வேண்டியவள்.

டிசம்பரில் ஆற்றங்கரைச் சாலையில் கண்ணாடி துடைப்பவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. நான் போனேன். உடம்பின்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உன் காலணி. மஞ்சள் நாடா, அதே அளவு. உங்கள் தொழிலில் எல்லோரும் அதே காலணிதான் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை. உனக்குப் போன் செய்தேன். நீ மேலே இருந்திருப்பாய், எடுக்கவில்லை. காவலர் துணியை விலக்கும்வரை நீ செத்துப்போயிருந்தாய்.

பிறகு ஆபீசுக்குப் போய் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுநாள் பயந்துகொண்டு ஏறுவாய் என்று நினைத்தேன். என் முகம் மாறியது அன்றுதான். வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, மருந்து கிடைத்துவிட்டது என்று பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் உன்னை ஒரு முறை சாகவைத்துவிட்டால், நிஜமாக நடக்கும்போது தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்குப் பயம் குறையவில்லை. அதை உனக்கும் ஒட்டவைத்துவிட்டேன்.

நீ இனி ஏறவே வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அது என் கையில் இல்லாதது.

உன்,
நிருபர்


மார்ச் 20

அன்புள்ள நிருபருக்கு,

விழுந்தவளை எனக்குத் தெரியும். ஒரு வருடம் என்னோடு கயிற்றில் இருந்தவள். வாயாடி. அன்று சாயங்காலம் நானும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டேன். சொன்னால் நீங்கள் என்னை ஏற விட மாட்டீர்கள் என்று நினைத்தேன். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒரே பிணத்தை ஒளித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மொட்டை மாடிச் சுவரைத் தாண்டிக் கயிற்றில் இறங்கும் முன் கூட வருகிறவர் நம் கொக்கியை இழுத்துப் பார்த்து "இருக்கா?" என்பார். நாம் "இருக்கு" என்போம். பிறகு நாம் அவருக்குக் கேட்போம். அன்று அவள் தனியாக இறங்கினாளாம். கேட்க ஆள் இல்லை.

உங்கள் அடிமை ஞானி சொன்னது தப்பில்லை. விழுவதை நினைத்துத்தான் நாங்களும் இறங்குகிறோம். ஆனால் இரண்டு பேராகச் சேர்ந்து நினைக்கிறோம். தோட்டத்து ஞானியும் அதற்குத்தான் நண்பர்களைக் கூட வைத்துக்கொண்டாரோ என்னவோ. உங்கள் வகுப்பில் கேட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை ஏறிப் பார்க்கிறேன். காலையில் நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, வாய் திறந்தால் கேள்வியாகக் கேளுங்கள்.

உங்கள் குருவி


மார்ச் 25, காலை

என் குருவிக்கு,

நீ குளிக்கிறாய். அதற்குள் எழுதி உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். நீ மேலே போகும்போது பை கீழே மேஸ்திரி வண்டியில்தான் இருக்கும் என்று தெரியும். அதனால், இதை நீ படிக்கிறாய் என்றால் தரையில் உட்கார்ந்திருக்கிறாய்.

காலையில் நெற்றியில் முத்தம் வைத்தேன். பழைய வார்த்தை தொண்டைவரை வந்தது. "இருக்கியா?" என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே "இருக்கேன், நீங்க?" என்றாய். நான் உன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நீ விடவில்லை. "கேட்டா சொல்லணும் நிருபரே, இல்லன்னா இறங்க விடமாட்டோம்" என்றாய். இருக்கேன் என்றேன்.

தோட்டத்து ஞானியைப் பற்றி நாளை வகுப்பில் கேட்கிறேன். இப்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. நீ திரும்பும்வரை அப்படித்தான் இருக்கும். அதை நிறுத்தப் பார்க்க மாட்டேன்.

படித்ததும் போன் செய். முதல் மணியிலேயே எடுப்பேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன். முதலில் நீ "இருக்கீங்களா?" என்று கேள்.

உன்,
நிருபர்