மூன்றில் ஒரு பங்கு சவுண்டல்

மே 8, வியாழன்
பக்ரீதுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அத்தா அதற்குள் ஆட்டைப் பிடித்து வந்துவிட்டார். ராமநாதபுரம் பக்கத்துக் கிடா. பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. இந்த வெயிலில் சைதாப்பேட்டையில் புல்லுக்கு எங்கே போவது? என் மேசையில், நான் வேலை பார்க்கும் அடையாறு அலுவலகம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்த கையேடு கிடக்கிறது: வறண்ட பகுதி ஆடுகளுக்கு மாற்றுத் தீவனம். கருவேலங்காய், வேப்பிலை, சவுண்டல் இலை. சிரிப்பு வந்தது.

மே 10
"பேரு கீரு வைக்காத ஷகீலா. போன வருசம் மாதிரி பெருநாளன்னிக்கு சோத்த வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்தியோ, தெரியும் சேதி" என்றாள் அம்மா. பேர் வைக்கவில்லை. ஆனால் அது என் செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நிற்கிறது.

மே 13
கையேட்டில் ஒரு வரி. சவுண்டல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முடி கொட்டும், ஆடு மெலியும். நிறுத்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும்.
நோயாளி ஆட்டைப் பெருநாளுக்குக் குர்பானி கொடுக்கக் கூடாது. அத்தா அதில் கறார்.
இரண்டையும் சேர்த்து யோசித்தது நான்தான். கொஞ்ச நாள் முடியில்லாமல் இருந்தால் உயிர் மிஞ்சும் — இது காப்பாற்றுவதுதானே?

மே 14
ஆற்றோரம் முழுக்கச் சவுண்டல். ஒரு பை நிறைய ஒடித்து வந்தேன். அதைத் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. என் விரலையும் சேர்த்து நக்கித் தின்றது.

மே 24
தடவினால் முடி கையோடு வருகிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவுகிறார். "நான் என்னடா கொற வச்சேன் ஒனக்கு?" என்று ஆட்டிடம் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.
சாயந்திரம் இன்னொரு பை.

மே 28
கறிக்கடை இனாயத் பாய் வந்து பார்த்தார்.
"இன்னா பாய் இது, ஆடா, உரிச்ச கோழியா?"
அத்தா சிரிக்கவில்லை. "குர்பானிக்கு ஆகுமா?"
"எப்டி ஆவும்? எங்கைல குடுத்துடு. கறிக்கு இன்னா, முடியவா துன்னப் போறாங்க?"
"வேணாம் அத்தா, நாமளே வச்சுக்கலாம். நான் பாத்துக்கறேன்."
"சொறி ஆட்ட வச்சுக்கிட்டு புது ஆட்ட எங்கம்மா கட்டுறது? தொத்திக்கும்."
புது ஆடு. அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?
தொற்றாது என்று சொல்லியிருக்கலாம். உனக்கெப்படித் தெரியும் என்பார்.
கயிற்றை இழுத்தால் அது நகரவில்லை. "பாப்பா, ஒங்கைல கீற எலயக் காட்டிக்கினே முன்னால போ" என்றார் இனாயத் பாய்.
போனேன். கடைவரை என் பின்னாலேயே வந்தது.

மே 29
நான் சும்மா இருந்திருந்தால் இன்னும் பத்து நாள் இருந்திருக்கும்.

ஜூன் 1
புது ஆடு வந்துவிட்டது. கறுப்பு. அத்தா தானே ஆற்றோரம் போய் ஒரு கத்தை சவுண்டல் ஒடித்து வந்திருந்தார். "நீ இதத்தானே வைப்ப? அது ஆசையா தின்னுச்சே. ஒன் புத்தகத்துல எவ்வளவு போட்டிருக்கு, பாரு."
இப்போதும் மறைத்தால் இந்த ஆட்டுக்கும் முடி கொட்டும்.
"மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல கூடாது."
"மேல போனா?"
"முடி கொட்டும்."
அத்தா என்னைப் பார்த்தார். கத்தையைப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் ஆட்டின் முன் வைத்தார். மீதியைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு வந்து கை கழுவினார்.

ஜூன் 7, பக்ரீத்
கறியை வீட்டுக்கு, சொந்தத்துக்கு, இல்லாதவர்களுக்கு என்று மூன்றாகப் பிரிக்கும்போது தாம்பாளம் பிடிக்க அத்தா வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுவார். கை கழுவிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். தாம்பாளத்தைத் தரையில் வைத்துக்கொண்டு அவரே பிரித்தார்.